லிஃப்ட் தூக்கலையா? பம்ப் மேல பழி போடறதுக்கு முன்னாடி

ஒலிப்பதிவில் இருந்து, படிக்க வசதியாகத் திருத்தப்பட்ட வடிவம்.

வழக்கம்போல பீளமேட்டுல இருந்துதான் பேசறேன். நடுவுல ஏரோப்ளேன் சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கங்க. ஏர்போர்ட் பக்கத்துல வீடு இருந்தா இதுதான் பின்னணி இசை.

இன்னைக்கு விஷயம் ஒரு போன் கால். உங்கள்ல நிறைய பேருக்கு இது வந்திருக்கும். நீங்க ஹோப்ஸ் பக்கம் ஏசி ரூம்ல உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்துட்டு இருப்பீங்க. ஊர்ல இருந்து அப்பா கூப்பிடுவாரு. "ஏஞ்சாமி, டிராக்டர் லிஃப்ட் தூக்க மாட்டேங்குது. மெக்கானிக் பாத்துட்டு பம்ப் போச்சுங்கறாரு. புதுசு போடணுமாமா. கொஞ்சம் பணம் போட்டு விடறியா?"

நீங்க உடனே ஜிபேயைத் திறப்பீங்க. பணம் அனுப்பறது தப்பில்லைங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்கலாம்: பம்ப் போச்சுன்னு எதை வச்சுச் சொல்றாங்க? அளந்து பார்த்தாங்களா, இல்ல காதுல கேட்டுட்டுச் சொல்றாங்களா? இந்த எபிசோட் முழுக்க அந்த ஒரு கேள்விதான். லிஃப்ட் தூக்காததுக்கு ஏழெட்டு காரணம் இருக்கு. அதுல பம்ப் ஒண்ணு. விலை அதிகமான காரணமும் அதுதான். பம்ப்பை மாத்தின பிறகும் லிஃப்ட் தூக்கலைன்னா, பணமும் போச்சு, உழவுப் பருவமும் போச்சு. வாடகைக்கு ஓட்டற வண்டின்னா தினக்கூலியும் போச்சு.

இதை பீளமேட்டுல உட்கார்ந்து பேசறதுல ஒரு பொருத்தம் இருக்கு. பம்ப்னு சொன்னா இந்த ஊருக்கு வேற விளக்கம் தேவையில்லை. 1926ல பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் இங்க தொடங்கினாங்க. 1930களோட தொடக்கத்துல பைக்காரா மின்சாரம் வந்துச்சு. கிணத்துல கவலை ஓட்டின இடத்துல மோட்டார் வந்துச்சு. அதுக்கப்புறம் ஃபவுண்டரி, மோட்டார் வைண்டிங், பம்ப் செட்டுன்னு தெருவுக்குத் தெரு பட்டறை. 1951ல பி.எஸ்.ஜி. டெக். பம்ப்பை அளந்து சான்று கொடுக்கறதுக்குன்னே ஆவாரம்பாளையம் பக்கம் சிடார்க் சோதனைக்கூடம் இருக்கு. நம்ம வீட்டுத் தாத்தாக்கள் பள்ளிக்கூடம் போகாதவங்களா இருப்பாங்க, ஆனா "ஹெட் எத்தனை, டிஸ்சார்ஜ் எத்தனை"ன்னு கேட்காம மோட்டார் வாங்க மாட்டாங்க. கிணத்து மோட்டாருக்கு இந்த ரெண்டு எண்ணையும் கேட்கற நாம, டிராக்டர் பம்ப்புக்கு மட்டும் "சத்தம் போடுது, போயிடுச்சு"ன்னு விட்டுடறோம். ஏன்னு எனக்குப் புரியல.

சரி, முதல்ல வண்டி. நான் பேசறது பெரிய 50 எச்பி டிராக்டர் இல்லைங்க. தென்னைக்கு நடுவுல, பாக்குத் தோப்புல, வாழை வரிசைக்குள்ள புகுந்து வர்ற சின்ன டிராக்டர். 18 எச்பில இருந்து 30 எச்பிக்குள்ள வரும். பொள்ளாச்சி, கோபி, அந்தியூர்னு எங்க போனாலும் இப்ப இதைப் பார்க்கலாம். ஆள் கிடைக்காத ஊர்ல களை எடுக்கறது இதோட ரொட்டவேட்டர்தான்.

இந்த வண்டியோட பின்னாடி மூணு கம்பி இருக்கும். கீழ ரெண்டு, மேல ஒண்ணு. கலப்பையோ ரொட்டவேட்டரோ அதுலதான் மாட்டுவாங்க. லிவரைத் தள்ளினா மொத்தமும் மேல தூக்கும், இறக்கினா மண்ணுக்குள்ள போகும். இந்த மூணு புள்ளி இணைப்பை ஹைட்ராலிக்கோட சேர்த்து நடைமுறைக்குக் கொண்டு வந்தவர் ஹாரி ஃபெர்குசன், அயர்லாந்துக்காரர். 1938ல ஹென்றி ஃபோர்டுகூட கை குலுக்கி, எழுத்து மூலமா எதுவும் இல்லாம ஒரு ஒப்பந்தம் போட்டாரு. 1939ல ஃபோர்டு 9என் டிராக்டர் வந்துச்சு. பின்னாடி அந்தக் கை குலுக்கல் கோர்ட்டுக்குப் போனது தனிக்கதை, அதுக்கு ஒரு எபிசோடே போடலாம். நம்ம சென்னை டாஃபே பல வருஷமா செஞ்சுட்டு வர்ற மாஸி ஃபெர்குசன் வண்டிகள்ல இருக்கற ஃபெர்குசன் இவர்தான்.

அந்த மூணு கம்பியைத் தூக்கற பலம் ஹைட்ராலிக் பம்ப்ல இருந்து வருது. சின்ன டிராக்டர்ல பெரும்பாலும் அது கியர் பம்ப். உள்ளங்கைல அடங்கற ஒரு உலோகக் கட்டி. உள்ள ரெண்டு பல்சக்கரம் ஒண்ணோட ஒண்ணு பல் கோத்துச் சுத்தும். பல்லுக்கும் கூட்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளில ஆயிலை அள்ளிட்டுப் போய் அந்தப் பக்கம் தள்ளும். ஒரு சுத்துக்கு இத்தனை சிசி, அவ்வளவுதான் கணக்கு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இதைப் புரிஞ்சுக்கிட்டா பாக்கி எல்லாம் தானா புரியும். பம்ப் பிரஷரை உண்டாக்கறது இல்லைங்க. பம்ப் ஓட்டத்தை மட்டும்தான் உண்டாக்கும். அந்த ஓட்டத்தை எதிர்த்து ஏதாவது நின்னாத்தான் பிரஷர் ஏறும். வெறும் கம்பியைத் தூக்கினா பிரஷர் கொஞ்சம்தான் காட்டும். 300 கிலோ ரொட்டவேட்டர் மாட்டினா, அதைத் தூக்கற அளவுக்கு ஏறும். இதுக்கு ஒரு எல்லை வேணும் இல்லையா? அதுக்குத்தான் ரிலீஃப் வால்வு. ஸ்பிரிங் வச்ச ஒரு கதவு. குறிச்ச பிரஷர் வந்ததும் திறந்து ஆயிலைத் திரும்ப டாங்குக்கே விட்டுடும்.

அந்தக் குறிச்ச பிரஷர் எவ்வளவுன்னு ஒரு கற்பனை வேணும்னா, கணக்குக்கு 150 பார்னு வச்சுக்கங்க. உங்க கார் டயர்ல இருக்கறது ரெண்டு பாருக்குக் கொஞ்சம் மேல. நம்ம ஊர் போர்வெல் பாஷைல சொன்னா, ஆயிரம் அடி ஆழத்துல இருந்து தண்ணியை மேல தள்ள ஏறக்குறைய 30 பார் வேணும். 150 பார்னா ஐயாயிரம் அடி ஹெட். உள்ளங்கை அளவு பம்ப் அதைத் தாங்குது. அதான் இதோட விளையாடக் கூடாதுங்கறது. அதுக்குப் பிறகு வர்றேன்.

கோயம்புத்தூர்க்காரங்களுக்கு இங்க ஒரு எச்சரிக்கை. நம்ம கிணத்து மோட்டார் சென்ட்ரிஃபியூகல் பம்ப். அதுல டெலிவரி கேட் வால்வை மூடி வச்சுட்டே ஸ்டார்ட் பண்ணுவோம், மோட்டார் லோடு குறையும்னு. தண்ணி உள்ளயே சுத்திட்டு இருக்கும், ஒண்ணும் ஆகாது. அதே கையோட போய் கியர் பம்ப்போட வெளி வழியை அடைச்சுப் பார்த்தீங்கன்னா கதை வேற. ஒவ்வொரு சுத்துக்கும் அள்ளின ஆயிலை அது தள்ளியே ஆகணும். போக வழி இல்லைன்னா ஹோஸ் வெடிக்கும், இல்ல பம்ப் கூடு பிளக்கும், இல்ல ஷாஃப்ட் முறியும். பல டிராக்டர்கள்ல ரிலீஃப் வால்வு பம்ப்புக்குள்ள இல்லாம தள்ளி வேற இடத்துல இருக்கும். பம்ப்புக்கும் அந்த வால்வுக்கும் நடுவுல அடைச்சா காப்பாத்த யாரும் இல்ல. ரெண்டுக்கும் பேர் பம்ப்தான். ஆனா ஒண்ணைச் சோதிக்கற முறைல இன்னொண்ணைச் சோதிக்கக் கூடாது.

பம்ப் எப்படித் தேயுது? பல்லுக்கும் கூட்டுக்கும் உள்ள இடைவெளி தலைமுடியைவிடச் சின்னது. ஆயில்ல இருக்கற துகள் அதை அரம் மாதிரி ராவும். இடைவெளி பெருசானா, முன்னால தள்ளின ஆயில்ல கொஞ்சம் அந்தச் சந்து வழியா பின்னாலயே ஒழுகும். இந்தக் கசிவுல ஒரு குணம் இருக்கு. பிரஷர் ஏறினா கசிவு ஏறும். ஆயில் சூடாகி நீர்த்தாலும் ஏறும். ஆனா இன்ஜின் வேகத்தை அது பெருசாக் கண்டுக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுத்துக்கு 8 சிசி பம்ப். 2000 ஆர்பிஎம்ல சுத்தினா நிமிஷத்துக்கு 16 லிட்டர். தேஞ்ச பம்ப், லோடுல சூடா இருக்கறப்ப 6 லிட்டர் கசியுதுன்னு வைங்க. பாக்கி 10 லிட்டர் லிஃப்டுக்குப் போகுது. மெதுவாவாவது தூக்கும். இப்ப ஐடில்ல விடுங்க, 800 ஆர்பிஎம். பம்ப் அள்ளறதே 6.4 லிட்டர். அதுல 6 கசிஞ்சா என்ன மிஞ்சும்? அதான் "ரேஸ் பண்ணாத் தூக்குதுங்க, விட்டா நின்னுக்குது"ங்கற புகார். "காலைல நல்லாத் தூக்குது, பத்து மணிக்கு மேல சோம்பேறி ஆயிடுது"ங்கறதும் அதே கதைதான், ஆயில் சூடாயிடுச்சு.

அதனால அப்பாகிட்ட போன்ல கேட்க வேண்டியது, "தூக்குதா தூக்கலையா" இல்ல. எப்ப தூக்கல? காலைலயா மத்தியானமா? ரேஸ் பண்ணா மாறுதா? வெறுமனே தூக்குதா, ரொட்டவேட்டரோட மட்டும் மக்கர் பண்ணுதா? தூக்கின பிறகு இன்ஜினை ஆஃப் பண்ணா நிக்குதா, தானா இறங்குதா?

கடைசிக் கேள்விக்கு ஒரு நிமிஷம். இன்ஜின் ஆஃப் ஆனா பம்ப்பும் சுத்தாது. அப்பவும் சுமை விறுவிறுன்னு இறங்குதுன்னா அதுக்குப் பம்ப் காரணமா இருக்கவே முடியாது. சிலிண்டர் சீல், இல்லன்னா ஆயிலைத் திரும்ப விடாம பிடிக்கற வால்வு. "லிஃப்ட் நிக்க மாட்டேங்குது, பம்ப்பை மாத்துங்க"ன்னு யாராவது சொன்னா, அந்த இடத்துலயே மரியாதையா "இருக்கட்டுங்கண்ணா, நாளைக்குப் பார்க்கலாம்"னு சொல்லிடுங்க.

இப்ப கையை அழுக்காக்கற வேலை. அதுக்கு முன்னாடி, மேல ஒத்தி வச்ச அந்த விஷயம். தயவு செஞ்சு இதைத் தள்ளி விட்டுக் கேட்காதீங்க.

ஹைட்ராலிக் ஹோஸ்ல ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தா, அதுல வர்ற ஆயில் கண்ணுக்கே சரியாத் தெரியாது. லேசாப் பனி மாதிரி இருக்கும். எங்க இருந்து வருதுன்னு பார்க்க எல்லாருக்கும் தோணறது கையை வச்சுத் தடவிப் பார்க்கறது. அந்தப் பனி தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளில ஒரு சின்னப் புள்ளி மட்டும்தான் இருக்கும். ரத்தம்கூடப் பெருசா வராது, வலியும் முதல்ல அதிகம் இருக்காது. அதனாலதான் "ஒண்ணும் இல்ல, மஞ்சள் வச்சுக்கலாம்"னு வீட்டுக்குப் போயிடறாங்க. உள்ள போன ஆயில் திசுவை அழிச்சுட்டே போகும். சில மணி நேரம் தாமதமானாலே விரலை எடுக்க வேண்டிய நிலைமை வரலாம். கசிவைத் தேடணும்னா ஒரு அட்டையை நீளக் கம்பில கட்டி நீட்டிப் பாருங்க, கை கூடாது. அப்படிக் குத்திடுச்சுன்னா அறுவை சிகிச்சை வசதி இருக்கற ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும். அங்க போய் "கைல குத்திக்கிச்சு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "அதிக அழுத்தத்துல ஹைட்ராலிக் ஆயில் தோலுக்குள்ள ஏறியிருக்கு"ன்னு அப்படியே சொல்லுங்க. புள்ளியை மட்டும் பார்த்தா டிடி ஊசி போட்டு அனுப்பிடலாம்.

இன்னொண்ணு, தூக்கி வச்ச ரொட்டவேட்டருக்குக் கீழ போறது. ஹைட்ராலிக்கை நம்பிப் போகக் கூடாது. இறக்கி வைங்க, இல்லன்னா கட்டையோ ஸ்டாண்டோ முட்டுக் கொடுங்க. எந்த ஃபிட்டிங்கைக் கழட்டறதா இருந்தாலும் சுமையைத் தரைல இறக்கி, இன்ஜினை ஆஃப் பண்ணி, லிவரை ரெண்டு மூணு தடவை ஆட்டி, உள்ள தேங்கின பிரஷரை விட்டுட்டுத்தான் கழட்டணும்.

சோதனைல முதல் கருவி டிப் ஸ்டிக். சின்ன டிராக்டர்கள்ல பெரும்பாலும் கியர் பாக்ஸ் ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் ஒண்ணுதான், ஒரே தொட்டி. அளவு குறைஞ்சா சரிவுல ஏறறப்ப பம்ப் காத்தைக் குடிக்கும். நிறத்தைப் பாருங்க. மோர் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்கு. கோபி பக்கம் சேத்து உழவு ஓட்டற வண்டிகள்ல இது சகஜம். நுரை நுரையா இருந்தா காத்து கலந்திருக்கு. அப்புறம் எந்த ஆயில் ஊத்தியிருக்குன்னு கேளுங்க. இன்ஜின்ல இருந்து வடிச்ச பழைய ஆயிலை, "ஆயில்தானே"ன்னு இதுல ஊத்தற பழக்கம் ஊர்ல இருக்கு. பம்ப்புக்கு அது மணல் தண்ணி.

அடுத்து உறிஞ்சும் பக்கம். தொட்டிக்கும் பம்ப்புக்கும் நடுவுல இருக்கற சல்லடையும் பைப்பும். இங்கதான் நிறைய பம்ப்புகள் மேல பொய் வழக்கு விழுது. சல்லடை அடைச்சிருந்தா பம்ப் அள்ள நினைக்கும், ஆயில் வராது. கிணத்துல ஃபுட் வால்வு அடைச்சா மோட்டார் என்ன பாடு படும்னு உங்களுக்கே தெரியும். ஆயில்ல குமிழி உண்டாகி உடையும், ஜல்லி அரைக்கற மாதிரி சத்தம் வரும். மெக்கானிக் காதுல அது "பம்ப் போச்சு"ன்னுதான் கேட்கும். அந்தப் பைப் ஜாயிண்ட்ல ஓ ரிங் தேஞ்சிருந்தா இன்னும் மோசம். ஓடறப்ப வெளில ஆயில் கசியாது, உள்ள காத்தை இழுக்கும். கண்ணுக்குத் தெரியற தடயமே கிடையாது. ஜாயிண்ட் மேல கிரீஸைத் தடவிட்டு ஓட விட்டுக் கேளுங்க, சத்தம் மாறினா திருடன் அங்கதான்.

எங்க சொந்தக்காரர் தோட்டத்துல இப்படி ஒரு வண்டி. லிஃப்ட் உதறி உதறி ஏறும், பம்ப் ஊளையிடும். புது பம்ப்புக்கு முன்பணம்கூடக் கேட்டாச்சு. எங்களுக்குத் தெரிஞ்ச வயசான ஃபிட்டர் ஒருத்தர் வந்தாரு. டிப் ஸ்டிக்கை எடுத்தாரு, நுரை. "ஏனுங்க, பம்ப்பைத் தொடாதீங்க, அது பாவம்"னாரு. சக்‌ஷன் ஹோஸ் கிளிப்பைக் கழட்டிட்டுப் புதுசு போட்டு முறுக்கினாரு. டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா நுரை அடங்கிடுச்சு, லிஃப்ட் வெண்ணெய் மாதிரி ஏறுது. கிளிப்போட விலையைச் சொன்னா சிரிப்பீங்க.

ஆயில் சரி, சல்லடை சரி, காத்தும் இல்ல. இனிமே அளக்கலாம். முதல் அளவுக்கு உங்க போனே போதும், ஸ்டாப்வாட்ச். ஒரே சுமை, ஒரே ஆர்பிஎம். கீழ இருந்து மேல வரைக்கும் எத்தனை செகண்ட்? காலைல ஒரு தடவை, ரெண்டு மணி நேரம் உழுதுட்டு ஒரு தடவை. சிலிண்டர் அரை லிட்டர் பிடிக்கும்னா, 16 லிட்டர் ஓட்டத்துல ரெண்டு செகண்டுக்குள்ள ஏறணும். 10 லிட்டர்னா மூணு செகண்ட். ஒரு செகண்ட் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது, போனுக்குப் பிடிபடும். வீடியோ எடுத்துட்டா இன்னும் நல்லது. அப்பாவை எடுத்து அனுப்பச் சொல்லலாம். இது பம்ப்பை மட்டும் தனியா அளக்காது, மொத்த சிஸ்டத்தையும் சேர்த்து அளக்கும். ஆனா நோய் இருக்கா இல்லையான்னு சொல்லிடும்.

ரெண்டாவது, பிரஷர் கேஜ். கிளிசரின் நிரப்பின, 250 பார் வரைக்கும் காட்டற கேஜ். வண்டில டிப்பர் டிரெய்லருக்காக வெளில ஒரு ஆயில் லைன் கொடுத்திருந்தா அங்க மாட்டறது சுலபம். லிஃப்டை மேல முட்ட விட்டுப் பார்த்தா எல்லா வண்டியிலயும் சரியான அளவு வராது. சிலதுல மேல போனதும் லிங்கேஜ் தானாவே வால்வை நியூட்ரலுக்குக் கொண்டு வந்துடும். லைனுக்கு ஆயிலை விட்டுட்டு ரிலீஃப் வால்வு திறக்கற வரைக்கும் பார்க்கணும். அஞ்சு செகண்ட் போதும். ஏன்னா அந்த நேரத்துல பம்ப்புக்குப் போற சக்தி முழுக்க ஆயிலைச் சூடாக்கத்தான் போகுது. 16 லிட்டர், 150 பார்னா 4 கிலோவாட். ரெண்டு பாத்ரூம் ஹீட்டரை ஆயிலுக்குள்ள போட்ட மாதிரி.

வண்டி புத்தகத்துல போட்டிருக்கற பிரஷர் வந்துச்சுன்னா பம்ப் நல்லா இருக்குன்னு அர்த்தமா? இங்கதான் நிறைய பேர் நிறுத்திடறாங்க. அர்த்தம் இல்லைங்க. தேஞ்ச பம்ப்பும், ஆயில் குளிரா இருக்கறப்ப, ரேஸ் பண்ணி நிறுத்தினா முழு பிரஷரைக் காட்டும். வழி அடைச்சிருக்கு, கசிவுக்கு மேல ஒரு லிட்டர் மிஞ்சினாக்கூட முள் ஏறிடும். கேஜ் பொய் சொல்லல. நாம கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லுது. நாம கேட்டது ஹெட், டிஸ்சார்ஜ் இல்ல. பிரஷர் வரவே இல்லைன்னாலும் பம்ப்தான்னு சொல்ல முடியாது. ரிலீஃப் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அதுல ஒரு துணுக்கு சிக்கித் திறந்தே இருக்கலாம். சிலர் உடனே ரிலீஃப் வால்வை முறுக்கி ஏத்துவாங்க. அப்ப லிஃப்ட் கொஞ்சம் தூக்கும், எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. அடுத்த வாரம் ஹோஸ் போகும்.

மூணாவது சோதனைதான் தீர்ப்பு சொல்றது. ஃப்ளோ மீட்டர். பம்ப்போட வெளி லைன்லயே மாட்டுவாங்க. ஓட்டம் எத்தனை லிட்டர்னு காட்டும், கூட ஒரு லோடு வால்வு இருக்கும். அந்த வால்வைக் கொஞ்சம் கொஞ்சமா மூடினா பிரஷர் ஏறும். முழுசா மூடறது இல்ல. நல்ல மீட்டர்ல அதுக்குள்ளயே பாதுகாப்பும் இருக்கும். லிஃப்ட், சிலிண்டர், ரிலீஃப் வால்வு எல்லாம் கணக்குல இருந்து வெளில போயிடும், பம்ப் மட்டும் தனியாக் கூண்டுல நிக்கும்.

நான் பார்த்த ஒரு சோதனையோட எண்ணைச் சொல்றேன். வெறும் ஓட்டம் 15 லிட்டர். ஆயில் குளிரா இருக்கறப்ப 140 பார்ல 13.5. இதோட நிறுத்தியிருந்தா பம்ப்புக்கு விடுதலை. அந்தப் பட்டறைக்காரர் நிறுத்தல. அரை மணி நேரம் ஓட விட்டு, தொட்டியைத் தொட்டா கை வைக்க முடியாத சூடு வந்த பிறகு, அதே ஆர்பிஎம், அதே 140 பார். 7 லிட்டர். பாதி ஆயில் உள்ளயே ஒழுகுது. புது கியர் பம்ப்ல லோடுல இழப்பு பத்து சதவீதம் அளவுலதான் இருக்கும். எந்த அளவுக்கு மேல மாத்தணும்னு வண்டியோட சர்வீஸ் புத்தகம் சொல்லும். பாதிக்குப் பாதி போறதுக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம். அந்த பம்ப்பை மாத்தினாங்க. மாத்தறதுக்கு முன்னாடி தொட்டியைக் கழுவி, சல்லடையையும் மாத்தி, புது ஆயில் ஊத்தினாங்க. பழைய பம்ப்பைத் தின்ன துகள் அந்த ஆயில்லதானே மிதக்குது? அதை அப்படியே விட்டா புது பம்ப்பையும் தின்னும். புது பம்ப்புக்குள்ள ஆயிலை ஊத்தி நனைச்சுட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும், சுத்தற திசையையும் பார்த்து வாங்கணும்.

சூடா இருக்கறப்பதான் சோதிக்கணும்னு இவ்வளவு வலியுறுத்தறேன்ல, இது பட்டறை நம்பிக்கை மட்டும் இல்லைங்க. டிராக்டர்களைச் சோதிக்கறதுக்கான ஓஇசிடி விதிமுறைல ஹைட்ராலிக் சோதனைக்கு ஆயில் 65 டிகிரி, அஞ்சு டிகிரி கூடவோ குறையவோ இருக்கணும்னு போட்டிருக்கு. தூக்கற பலத்தை அளக்கறதும் கம்பியோட நுனில மட்டும் இல்ல, அதுல இருந்து 610 மில்லிமீட்டர் பின்னாடி தள்ளி எடையை வச்சும் அளப்பாங்க. ஏன்னா ரொட்டவேட்டரோட கனம் கம்பி நுனில இல்ல, பின்னாடி தள்ளித்தான் இருக்கு. நம்ம நாட்டுல இந்த வேலையைச் செய்யறது மத்தியப் பிரதேசத்துல புத்னில இருக்கற மத்திய அரசோட பண்ணை இயந்திர நிலையம். 1955ல தொடங்கினது. அவங்க அறிக்கைல பம்ப் வகை, ரிலீஃப் வால்வு பிரஷர், தூக்கற எடை எல்லாம் இருக்கும்.

இப்படிச் சோதிக்கற பழக்கத்துக்கே ஒரு விவசாயியோட எரிச்சல்தான் மூலம். அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்துல வில்மாட் குரோசியர்னு ஒருத்தர், விவசாயி, சட்டசபை உறுப்பினரும்கூட. அவர் வாங்கின டிராக்டர் மேல ஃபோர்டுன்னு பேர் போட்டிருந்துச்சு. ஆனா அதுக்கும் ஹென்றி ஃபோர்டுக்கும் சம்பந்தமே இல்ல, மின்னியாபோலிஸ்ல ஒரு கம்பெனி ஃபோர்டுங்கற பேர் உள்ள வேற ஒரு ஆளைப் பிடிச்சு நடத்தின வியாபாரம். வண்டி சரியா ஓடல. 1919ல மாநிலமே சட்டம் போட்டுச்சு, சோதிக்காத டிராக்டரை இங்க விக்கக் கூடாதுன்னு. அடுத்த வருஷமே சோதனை தொடங்கியாச்சு. அந்தக் கூடம் இன்னைக்கும் நடக்குது.

கொடிசியால அக்ரி இன்டெக்ஸ் போறவங்க, அடுத்த தடவை ஸ்டால்ல இருக்கறவர்கிட்ட செல்ஃபி எடுத்த பிறகு இதையும் கேளுங்க: "750 கிலோ தூக்கும்னு போட்டிருக்கீங்களே, அது நுனிலயா, 610 மில்லிமீட்டர் தள்ளியா? டெஸ்ட் ரிப்போர்ட் இருக்குங்களா?" ரெண்டுக்கும் நல்ல வித்தியாசம் வரும். வாங்கப் போற ரொட்டவேட்டர் எடையையும் கைல வச்சுட்டுக் கேளுங்க.

ஃப்ளோ மீட்டர் எங்க கிடைக்கும்னு கேட்பீங்க. ஊர்ல இருக்கற டிராக்டர் மெக்கானிக்கிட்ட பெரும்பாலும் இருக்காது, அது அவர் தப்பு இல்ல, விலை அப்படி. ஆனா ஜேசிபி, எக்ஸ்கவேட்டர் ஹைட்ராலிக் வேலை பார்க்கற பட்டறைகள்ல அது இல்லாம பிழைப்பு நடக்காது. கோயம்புத்தூர் சுத்துவட்டாரத்துல அப்படிப்பட்ட பட்டறைக்குப் பஞ்சம் இல்ல. போன் பண்ணி "பம்ப்பை வண்டில வச்சே ஃப்ளோ டெஸ்ட் பண்ணித் தருவீங்களா, எவ்வளவு ஆகும்"னு கேளுங்க. வண்டியைக் கொண்டு போற வாடகையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் புது பம்ப்போட விலையைவிடக் குறைச்சலாத்தான் வரும். பழைய பெரிய டிராக்டர் வச்சிருக்கறவங்களுக்கு இது இன்னும் அவசியம். அதுல சிலதுக்குப் பம்ப் பின் கூட்டுக்குள்ள, ஆயிலுக்கு அடியில முங்கி இருக்கும். அதைப் பார்க்கறதுக்கே மேல் மூடி மொத்தத்தையும் தூக்கணும். அங்க அளக்காம கை வச்சா, இல்லாத வேலையை நாமளே உண்டாக்கறோம்.

உங்களால இன்னைக்கே முடியற வேலை ஒண்ணு. இந்த வார லீவுக்கு ஊருக்குப் போறீங்கன்னா, வண்டி நல்லா இருக்கறப்பவே அந்த ஸ்டாப்வாட்ச் அளவை எடுத்து வச்சுடுங்க. ரொட்டவேட்டர் மாட்டி, 1500 ஆர்பிஎம்ல, காலைல எத்தனை செகண்ட், மத்தியானம் எத்தனை செகண்ட். முடிஞ்சா கேஜ் மாட்டி ரிலீஃப் பிரஷரும். ஆயில் மாத்தின தேதியோட சேர்த்து ஷெட் சுவத்துல சாக்பீஸ்ல எழுதிடுங்க, மோட்டார் ரூம் சுவத்துல தண்ணி முறை எழுதி வச்சிருப்பாங்களே, அதுக்குப் பக்கத்துலயே. அப்பா "இதெல்லாம் எதுக்குச் சாமி"ன்னுதான் கேட்பாரு. கேட்டுட்டு லிவரை அவரே பிடிச்சுத் தூக்குவாரு, நீங்க நேரத்தைப் பாருங்க.

அடுத்த வாரம் வெட் கிரைண்டர். கல் பத்தி நிறைய பேர் கேள்வி அனுப்பியிருக்கீங்க, படிச்சுட்டு இருக்கேன். வர்றேன்ங்க.